டெல்லி போய்ச் சேராதவள்

எங்கள் பிளஸ் டூ வகுப்பில் எல்லோரும் டெல்லிக்குப் போய்வந்தவர்கள். ஒருத்தி மட்டும் கடைசிவரை போய்ச் சேரவில்லை. அவள் பெயரை எழுதினால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் நாலு பேருக்கு ஆள் தெரிந்துவிடும், அவளுக்கும் அது பிடிக்காது. ஆகவே அவள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் இந்த டெல்லி சமாசாரத்தை விளக்கிவிட வேண்டும். பேரணாம்பட்டுப் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளி எங்களுடையது. தோல் பதனிடுகிற ஷாப்பில், ஷூ கம்பெனியில், பீடி சுற்றுவதில் என்று வேலை பார்க்கிற வீடுகளிலிருந்து வந்த பெண்கள். இயற்பியல் வரும், உயிரியல் வரும், இங்கிலீஷ் மட்டும் வராது. வேலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோன எங்கள் இங்கிலீஷ் மிஸ் பலே காரியக்காரி. மெல்லக் கற்கும் மாணவிகளுக்கு என்று ஒரே ஒரு கட்டுரையைத் தானே எழுதி, ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். கோடை விடுமுறையில் மாமாவோடு டெல்லிக்கு ரயிலில் போன கதை. மொத்தமே ஒரு பக்கம். பொதுக்கட்டுரையில் எந்தத் தலைப்பைக் கேட்டாலும் இதையே எழுதிவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு.

பயணம் என்று கேட்டால் சிக்கலே இல்லை. பொழுதுபோக்கு என்று கேட்டால், என் பொழுதுபோக்கு பயணம் செய்வது, போன கோடையில் மாமாவோடு என்று தொடங்க வேண்டும். மரம் வளர்ப்பைப் பற்றிக் கேட்டால், ரயில் ஜன்னல் வழியாக நிறைய மரங்களைப் பார்த்தேன். சுற்றுப்புறத் தூய்மை என்றால், எங்கள் பெட்டி மிகவும் சுத்தமாக இருந்தது. சிரிக்காதீர்கள், இப்படித்தான் எங்களில் பாதிப் பேர் தேறினோம். இன்று ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீசில் உட்கார்ந்து நான் ஜெர்மனிக்காரர்களுக்கு மெயில் அனுப்புகிறேன் என்றால், அதற்கு அஸ்திவாரம் அந்த டெல்லி ரயில்தான்.

காலையில் பிரேயருக்கு முன்னால் சைக்கிள் ஷெட் நிழலில் உட்கார்ந்து எல்லோரும் கோரஸாகப் படிப்போம். "லாஸ்ட் சம்மர் ஐ வென்ட் டு டெல்லி வித் மை அங்கிள்." ராகம் போட்டுச் சொன்னால் சீக்கிரம் மனதில் நிற்கும். அவளும் எங்களோடு தொடங்குவாள். இரண்டாவது வரியில் அவள் குரல் நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் உதடு அசையும், சத்தம் வராது, கண் எங்கேயோ இருக்கும். ஸ்கூல் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மடியில் ஏதோ தூங்குவதுபோல் மெல்ல ஆடிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் என்னிடம் கேட்டாள். "ஏண்டி, இந்த மாமா இன்னா வேல செய்றாரு?"

"எந்த மாமா?"

"டெல்லிக்குக் கூட்டினு போறாரே, அவரு."

"அது கட்டுரைடி."

"கட்டுரைதான். வேல வெட்டி இல்லாத மனுசன் அவ்ளோ தூரம் எதுக்குப் போவாரு?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் ஒரு வாரம் யோசித்து அவருக்கு ஒரு வேலை போட்டுக்கொடுத்தாள். தபால் ஆபீஸ். காக்கி இல்லை, உள்ளே உட்கார்ந்து செய்கிற வேலை. மூக்குக் கண்ணாடி உண்டு. டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஸ்டேஷன் தாண்டியதும் தொட்டுப் பார்த்துக்கொள்வாராம். இதெல்லாம் மிஸ் கொடுத்த ஜெராக்ஸில் கிடையாது.

அவள் சுபாவமே அப்படித்தான். எதைப் படித்தாலும் அதற்குள் போய்விடுவாள். பாடப்புத்தகத்தில் மழை பெய்தால் வெயிலில் நடக்கும்போது துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொள்வாள். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். எங்கிருந்தோ நடந்து வந்து சேர்ந்தவள் மாதிரி சற்றுக் கழித்து "இன்னா?" என்பாள். பஸ்ஸில் எத்தனையோ தடவை இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஸ்டாப்பிலிருந்து நடந்து வந்திருக்கிறாள். கண்டக்டர்களுக்கே பழகிப்போய், "பாப்பா, உன் ஊரு வந்துடுச்சு" என்று ஞாபகப்படுத்துவார்கள். எனக்கு அவள்மேல் ஆசையும் உண்டு, எரிச்சலும் உண்டு. இரண்டில் எந்த நேரத்தில் எது வரும் என்று எனக்கே தெரியாது.

மற்றப் பாடங்களில் அவள் என்னைவிட நல்ல மார்க் வாங்குவாள். நர்சிங் படிக்க வேண்டும் என்று ஆசை. டிப்ளமோவில் சேருவதற்கு எல்லாப் பாடத்திலும் தேறியிருக்க வேண்டும், இங்கிலீஷ் உட்பட. அவள் அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தார். காலை இருட்டு விலகும்போது தெருமுனைக்கு வருகிற கம்பெனி வேனில் ஏறி, விளக்கு வைத்த பிறகு வருவார். "கம்பெனி வேலைல தப்பில்ல, சோறு போடுது. ஆனா முதுகு போய்டும்மா" என்பார். பெண் தேறாவிட்டால் அதே வேனில் அவளுக்கும் ஒரு சீட் காத்திருந்தது. இது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

முதல் இடைத்தேர்வின் இங்கிலீஷ் பேப்பரை அவளிடம் திருப்பித் தந்தபோது மிஸ் மேஜைமேல் சாய்ந்து நின்று அவளைப் பார்த்தார். கட்டுரையில் சென்னை சென்ட்ரலில் ஏற வேண்டும். இவள் காட்பாடியில் ஏறப் போயிருந்தாள். காரணம் கேட்டதற்கு, "சென்னைக்குப் போய்ட்டு ஏன் மிஸ் சுத்தணும், நமக்குக் காட்பாடிதானே கிட்ட?" என்றாள். அது நியாயம்தான். ஆனால் காட்பாடியில் ரயில் தாமதம். மாமாவும் இவளும் பிளாட்பாரத்தில் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு ஊர் திரும்புகிற ஒரு வங்காளிக் குடும்பம். அவர்களுடைய குழந்தை இவளுடைய வளையலைப் பிடித்து இழுக்கிறது. மாமா டீ வாங்கப் போகிறார். அத்தோடு பேப்பர் முடிந்துவிட்டது.

"டீ வாங்கப் போன மனுஷன் திரும்பி வந்தாரா, இல்லையா?" என்று மிஸ் கேட்டார்.

வகுப்பு சிரித்தது. அவள் எழுந்து நின்று மரியாதையாகப் பதில் சொன்னாள். "வந்துட்டார் மிஸ். அதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்க."

அதற்கப்புறம் ஒவ்வொரு பரீட்சையிலும் ரயில் ஒவ்வொரு இடத்தில் நின்றது. ஒருமுறை கூடூர் வரை போனது. ஒருமுறை விஜயவாடாவில் ஆற்றுப் பாலத்தின்மேல் நின்றது, கீழே தண்ணீர். பாலாற்றில் வெறும் மணலையே பார்த்து வளர்ந்தவள் அந்தத் தண்ணீரைப் பற்றியே ஒரு பக்கம் எழுதியிருந்தாள். அவளுடைய இங்கிலீஷ் ஒன்றும் பிரமாதமில்லை, மிஸ்ஸின் சிவப்பு மை வரிக்கு வரி ஓடியிருக்கும். ஆனாலும் வாங்கிப் படித்தால் விட முடியாது. மாமா வேர்க்கடலை வாங்கி, ஜாஸ்தியான பாதியை இவள் உள்ளங்கையில் கொட்டுவார். இவள் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்று தான் உட்கார்ந்தபடியே தூங்குவார். எழுந்ததும் தூங்கவே இல்லை என்பார்.

அவள் அதுவரை ரயிலில் ஏறியதே கிடையாது. ஒருமுறை அம்மாவோடு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது காட்பாடி மேம்பாலத்தின்மேல் பஸ் நின்றதாம். கீழே ஒரு ரயில் புறப்பட்டுப் போனதாம். அவளுடைய மொத்த ரயில் அனுபவமும் அவ்வளவுதான்.

"கட்டுரையைக் கடைசில எழுதுடி. மத்த கேள்வியெல்லாம் முடிச்சிட்டு மிச்ச நேரத்துல டெல்லிக்கோ டிம்பக்டுக்கோ போ" என்று நான் கத்தியிருக்கிறேன்.

"கடைசில எழுதினா டைம் கம்மியா இருக்கும். வண்டி நடுவுல நின்னுடும்."

"இப்ப மட்டும் நிக்கலையா?"

"அவரு முன்னாடியே வந்து காத்துனு இருக்காருடி. கேள்வித்தாள் வாங்கும்போதே வந்துட்றாரு. அவர நிக்க வச்சிட்டு நான் எப்டி கோடிட்ட இடத்த நிரப்பறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பத்து வரியில் டெல்லிக்குப் போய்விட்டு வந்து நிம்மதியாக இருக்கலாம், இவளுக்கு இது என்ன பேஜாரு என்று தோன்றியது. ஆனால் ஒருநாள் ஸ்டாஃப் ரூமுக்கு நோட்டுக் கட்டு கொண்டுபோனபோது மிஸ் அவள் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று சிவப்புப் பேனாவை எடுத்து, டெல்லி எங்கே என்று பெரிதாக எழுதினார்.

அரையாண்டில் ரயில் நாக்பூருக்கு முன்னால் ஒரு காட்டுக்குள் நின்றது, இங்கிலீஷில் அவள் தேறவில்லை. மிஸ் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். அந்த அம்மா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். புடவையில் பசை வாசனை அடித்தது. நான் வகுப்புத் தலைவி என்பதால் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"உங்க பொண்ணு கெட்டிக்காரிதாம்மா. ஒரு கட்டுரைய முடிக்கத் தெரியல. மூணு மணி நேரமும் அதையே எழுதிட்டு உக்காந்திருக்கா."

"அப்டி இன்னாதான் டீச்சர் எழுதுறா?"

"மாமாகூட டெல்லி போறா. போய்ச் சேர மாட்டேங்கறா."

அந்த அம்மா ஒன்றும் புரியாமல் பார்த்தார். "எந்த மாமா?" என்றார்.

மிஸ் விடைத்தாளைப் பார்த்துத் தமிழில் சொன்னார். கண்ணாடி போட்ட மாமா, தபால் ஆபீஸ், சட்டைப்பையில் டிக்கெட். அவர் போட்டிருக்கிற ஷூ அவருடைய அக்காவே கம்பெனியில் தைத்தது, வெளிநாட்டுக்குப் போக வேண்டியது, தம்பிக்கென்று ஒரு ஜோடி எடுத்து வைத்திருந்தார் என்று அந்த இடத்தைப் படித்தபோது அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு மிஸ்ஸிடம் மெதுவாகச் சொன்னார். அந்த அம்மா வீட்டை விட்டு வந்து கல்யாணம் செய்துகொண்டவர். குடியாத்தத்தில் கூடப்பிறந்த தம்பி ஒருவர் உண்டு. ஒரு மணி நேர பஸ் தூரம். அவர் இந்தப் பக்கம் வாசல் மிதித்ததே இல்லை. பெண்ணுக்குக் காது குத்தும்போது உட்கார மாமன் மடி இல்லாமல், நகைக்கடை ஸ்டூலில் உட்காரவைத்துக் குத்திக்கொண்டு வந்தார்களாம். "நான் அவகிட்ட அவனப் பத்தி ஒரு வார்த்த சொன்னதில்ல டீச்சர். அவன் இப்பக் கண்ணாடி போட்டிருக்கானான்னு எனக்கே தெரியாது" என்றார்.

மிஸ் அந்தத் தாளை மூடி வைத்தார். நான் வெளியே பார்த்தேன். கிரவுண்டில் அவள் தனியாக, பையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இத்தனை நாள் ஜெராக்ஸ் மாமா, ஜெராக்ஸ் மாமா என்று நான் அவளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

போகும்போது அந்த அம்மா அவளைத் திட்டவில்லை. தலையைத் தடவிக்கொடுத்து, "பாஸாவலன்னா என்கூட வண்டியேறணும், பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. அந்த வருஷம் கட்டுரைக்கு மரம் வளர்ப்பு வந்தது. எங்களுக்கெல்லாம் கொண்டாட்டம், ஜன்னல் வழியாக மரங்களைப் பார்த்துவிட்டு டெல்லியில் இறங்கிவிட்டோம். அவளும் பார்த்தாள். அவளுடைய மாமாவுக்கு ஒவ்வொரு மரத்துக்கும் பேர் தெரிந்திருந்தது, அதுதான் வினை. பெல் அடித்தபோது ரயில் போபாலைக்கூடத் தொடவில்லையாம், பாதிக் கேள்விகள் வெறுமையாகக் கிடந்தன. ரிசல்ட் வந்தது. உயிரியலில் பள்ளியிலேயே அவள்தான் முதல். இங்கிலீஷில் ஃபெயில்.

மறுவாரமே அவள் வேன் ஏறினாள். பதினெட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. கம்பெனியில் அவளை நூல் வெட்டுகிற மேஜையில் போட்டார்கள். தைத்து வருகிற ஷூ மேல்பாகத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்க வேண்டும். அங்கேயும் அவள் கதை அதேதான். ஒரு ஷூவைக் கையில் எடுத்தால் அது யார் காலுக்குப் போகும், அந்த ஊரில் பனி பெய்யுமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள். எதிரில் வேலை மலைபோல் குவிந்துவிடும். சூப்பர்வைசர் வந்து மேஜையைத் தட்டுவார். "மேடம் எந்த ஊர்ல இருக்கீங்க?" என்பாராம். இதை அவளே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். விரல் நுனியில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஜூன்ல திரும்ப எழுதப் போற இல்ல?" என்றேன்.

"எழுதணும்டி. இதான் கடைசி. இதுல வுட்டா நர்சிங் அட்மிஷன் முடிஞ்சிடும். அப்புறம் இந்த வருசம் போச்சு, அடுத்த வருசம் யாரு என்னப் படிக்க வுடுவாங்க?"

"டெல்லிக்குப் போய்டு. சத்தியமா சொல்றேன், பத்தே வரி. போய்ட்டு உடனே எறங்கிடு."

"டெல்லி வந்துட்டா கட்டுரை முடிஞ்சிடும்."

"முடியணும்தானே?"

"முடிஞ்சிட்டா அவரு எங்க போவாரு?"

நாங்கள் அப்போது பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தோம். சாயங்காலம். மழை வரும்போல் இருந்தது. மழைக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் தோல் ஷாப் வாசனை தரையோடு தரையாக வரும், வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள், எங்களுக்கு அது மழை வாசனை. அவள் அந்தக் காற்றை இழுத்துவிட்டு, "பாக்கறேன்" என்றாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் தேறினாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரமாதமான மார்க் இல்லை, போதுமான மார்க். நர்சிங் முடித்துவிட்டு இப்போது வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிற நோயாளிகளோடு இங்கிலீஷிலும் இந்தியிலும் கலந்து பேசுகிறாளாம். வார்டில் ஒருநாளும் மருந்து நேரம் தவறியதில்லை, கூப்பிட்டால் உடனே திரும்புகிறாள் என்று எங்கள் தெருப்பெண் ஒருத்தி சொன்னாள். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அவள் உடனே திரும்புவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

எனக்கு அவள் என்றால் அந்த ஜூன் மாத மத்தியானம்தான். துணைத்தேர்வுக்கு சென்டர் குடியாத்தத்தில் ஒரு பள்ளியில் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் கூடப் போனேன். தெருவெல்லாம் தறிச் சத்தம். பள்ளி கேட்டுக்கு எதிரில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நிழலில் உட்கார்ந்து காத்திருந்தேன். பரீட்சை முடிகிற பெல் அடித்ததும் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். வழக்கமாக அவளிடமிருந்து பேப்பரைப் பிடுங்கித்தான் அனுப்புவார்கள், எல்லோருக்கும் கடைசியில் வருவாள். அன்று முதல் கும்பலிலேயே வந்தாள். முகம் கழுவிவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது.

ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் எழுதிட்டேன்டி" என்றாள். "ஒரு கேள்வி வுடல."

"கட்டுரை?"

"எழுதினேன். அர பக்கம்."

"டெல்லி போய்ட்டியா அப்போ?"

இல்லை என்று தலையாட்டினாள். "காட்பாடி வரைக்கும் போனேன். மாமாவ மட்டும் ஏத்தி வுட்டுட்டேன். நான் ஏறல."

கிண்டலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில், வீட்டுக் கூடத்தில் இருக்கிற மனிதரைப் பற்றிக் கேட்பதுபோல நானும் கேட்டேன். "அவரு ஒண்ணும் சொல்லலையா?"

"ஜன்னல்லேர்ந்து கேட்டாரு, ஏம்மா நீ வரலையான்னு. எனக்குப் பரீட்ச இருக்குது மாமா, நீங்க போங்கன்னேன்."

"அதுக்கு?"

"நல்லா எழுதும்மான்னாரு" என்றாள். "வண்டி போய்டுச்சு."